கையில் மிஞ்சிய உருளை

அக்டோபர் 7, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். செப்டம்பரில், பள்ளி திறந்த புதிதில், என் தங்கை லொரெதானா மூக்கைச் சிந்திக்கொண்டு என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோதே சொன்னேன். "மூணு வாரம் பொறு. உன் பொண்ணு கண்ணாடிக் குடுவையில தண்ணி கொண்டுபோவா. ஒரு சொட்டு கீழ விழாது." இன்று சரியாக மூன்று வாரம். மதியம் கூட்டிவரப் போனவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: தெக்லா, மூன்றரை வயது, இரண்டு கையாலும் குடுவையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மேசைகளைத் தாண்டி வருகிறாள். சரி, நான்கு மேசை. ஆனால் குடுவை நிஜக் கண்ணாடி. கீழே போட்டால் உடையும். உடையும் என்பதற்காகவே அதைக் கொடுக்கிறார்கள், அப்போதுதான் கை கவனமாக இருக்குமாம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் கைதட்டப் போனேன். ஃபியோரென்சா டீச்சர் உள்ளேயிருந்து விரலை உதட்டில் வைத்தார். இந்த மாண்டிசோரிப் பள்ளியில் கைதட்டக் கூடாது, பாராட்டவும் கூடாது. "அது அவ வேலை. நல்லா வந்துச்சான்னு அவளுக்கே தெரியும்" என்பார். எனக்கு இதுதான் கஷ்டம். என்னை நானே பாராட்டிக்கொள்ளாமல் ஒரு ஷட்டருக்குக்கூட எண்ணெய் போட்டதில்லை.

இந்த நோட்டு டீச்சர் கொடுத்தது. வீட்டுக்கு ஒன்று. "பிள்ளைங்களைக் கவனிங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க. நினைச்சதை எழுத வேண்டாம்" என்றார். லொரெதானாவுக்கு மருந்துக்கடை வேலை. மாப்பிள்ளை எர்மானோவுக்கு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு. பகல் முழுக்க எழுதுகிறவர் வீட்டில் பேனாவைத் தொடமாட்டார். அதனால் நோட்டு தாய்மாமனிடம் வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு வந்தவன்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து ஒரு வக்கீல் அசந்துபோயிருக்கிறார்.

அக்டோபர் 15

இன்றும் பேசவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

'இன்றும் பேசவில்லை' என்று ஒற்றை வரி எழுதிவைத்தேன், பிறகு படித்தால் எனக்கே புரியாது. விவரமாக எழுதுகிறேன்.

தெக்லா வீட்டில் இருந்தால் வாய் ஓயாது. மீன் சூப்பில் எத்தனை வகை மீன் என்று என்னிடம் கணக்கு கேட்பாள், நான் பதிமூன்று என்றால் பன்னிரண்டு என்று சண்டை பிடிப்பாள். வாசற்படி தாண்டினால் போச்சு. யாரோ ஷட்டரை இழுத்துப் பூட்டிய மாதிரி. அடுத்த வீட்டுக்காரரிடம் இல்லை, ரொட்டிக்கடையில் இல்லை, பள்ளியில் ஒரு எழுத்து இல்லை.

காலையில் பள்ளி வாசலில் ஃபியோரென்சா டீச்சர் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கை நீட்டுவார். "காலை வணக்கம், தெக்லா." அப்புறம் காத்திருப்பார். பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் காத்திருப்பார். தெக்லா கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். டீச்சர் ஒரு புன்னகை, "உள்ளே போ." அவ்வளவுதான். தினமும்.

நேற்று சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியை வைத்தால் அலுவலகம் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

"மச்சான், நான் பொறுமையாத்தான் இருக்கேன். ஜனவரி கடைசிக்குள்ள அடுத்த வருஷத்துக்கு மனு குடுக்கணும். அதுக்குள்ள அவ அங்க ஒரு வார்த்தை பேசினா, இருக்கட்டும். இல்லேன்னா கன்னியர் பள்ளிக்கு மாத்திடறேன். அங்க பிள்ளைங்களை மேடையேத்திப் பேச வெச்சுடறாங்க."

லொரெதானா எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

நான் சொன்னேன், "மாப்பிள்ளை, கிறிஸ்துமஸுக்குள்ள அவ மேயருக்கே பதில் சொல்லுவா, எழுதி வெச்சுக்கோங்க."

"நான் எழுதமாட்டேன். அதுக்குத்தான் உங்ககிட்ட நோட்டு இருக்கே" என்றார்.

நவம்பர் 5

இரண்டு விரல். இன்று காலை தெக்லா டீச்சருக்கு இரண்டு விரல் கொடுத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இது நான் பார்த்தது, நினைத்தது இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

ஜன்னல் வழியாக இன்னொன்று பார்த்தேன், மனசே சரியில்லை. ஒரு நீளமான மரக்கட்டை. அதில் வரிசையாகப் பத்துக் குழி. பத்துக் குழிக்கும் பத்து மர உருளை, தலையில் குமிழ் வைத்தவை, ஒன்று ஒல்லி, அடுத்தது கொஞ்சம் பருமன், அப்படியே ஏறிக்கொண்டு போகும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ப்ரீமோ என்று ஒரு பையன், தெக்லா வயசுதான், முன்பல் இடைவெளி. ஒல்லி உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டான். அப்படியே வைத்துக்கொண்டு போனால் கடைசியில் கையில் ஒரு தடி உருளை மிஞ்சுகிறது, போடக் குழி இல்லை. அழுத்துகிறான், திருகுகிறான், கட்டைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுகிறான். டீச்சர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார். சும்மா பார்க்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பொருளில் கோளாறு. முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கடற்கரை முழுக்க ஷட்டர் சரிசெய்கிறவன் நான். மாட்டிக்கொள்கிற பொருளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

நவம்பர் 16, சனி

இன்று குடும்பங்களின் வேலை நாள். அப்பா அம்மாக்கள் எல்லாம் வந்து பள்ளியைத் துடைத்து, மெழுகு பூசி, தைத்து, ஒட்டிக் கொடுக்க வேண்டும். அது பழைய பட்டு ஆலைக் கட்டடம், ஜன்னல் ஒவ்வொன்றும் தேவாலயக் கதவு உயரம். மாப்பிள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு குட்டி நாற்காலி நாற்பதையும் துடைத்தார், ஒவ்வொன்றின் அடியிலும் எண் இருக்கிறதா என்று பார்த்தார். லொரெதானா திரைச்சீலை தைத்தாள். யாரோ வறுத்த செஸ்ட்நட் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஏழு ஷட்டர்களை இறக்கி ஏற்றி கிரீஸ் போட்டேன். ஒரு அம்மா தன் கணவரிடம், "பாரு, சத்தமே வரலை" என்றாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அலமாரியிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து வண்டிக்குக் கொண்டுபோனேன். ட்ரில், அரம், உப்புத்தாள். ஒன்றரை மணி நேர வேலை. பத்துக் குழியையும் பெரிய உருளையின் அளவுக்கு அகலப்படுத்தி, உள்ளே பட்டுப்போல் தேய்த்து, மெழுகும் பூசினேன். இப்போது எந்த உருளையும் எந்தக் குழிக்குள்ளும் வெண்ணெய் மாதிரி இறங்கும். எந்தப் பிள்ளையும் இனி அழாது. யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை தானாகத் தெரியட்டும்.

நவம்பர் 18, திங்கள்

தெரிந்தது.

ஃபியோரென்சா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் கட்டையை என் மடியில் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஈடாகியிருக்கும்.

"ஒத்தாவியோ சார், இதை யார் செஞ்சாங்கன்னு கேக்க வேண்டியதே இல்லை. இவ்வளவு அழகா வேற யாருக்கும் வராது."

"நன்றி" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கடைசியில ஒரு உருளை மிஞ்சுதே, அதுதான் பாடம். எங்கேயோ தப்பாயிடுச்சுன்னு பிள்ளைக்கு நான் சொல்றதில்லை. அந்த உருளை சொல்லும். நான் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்காகத்தான் அந்தக் கட்டை பேசுது. நீங்க அதோட வாயை அடைச்சிட்டீங்க."

"ப்ரீமோ அழுதானே டீச்சர்."

"அழுதான். அப்புறம் எல்லாத்தையும் வெளிய எடுத்து முதல்லேர்ந்து வெச்சான். அதைப் பாக்க நீங்க நிக்கலை."

உண்மைதான். அன்று எனக்கு ஒரு இறைச்சிக்கடை ஷட்டர் காத்திருந்தது.

புதுக்கட்டை வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன், இந்தப் பள்ளி இருக்கிறவரை ஷட்டர் வேலையெல்லாம் என் பொறுப்பு என்றும் சொன்னேன். கெட்டுப்போனதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கதவு வரை வந்து டீச்சர் கேட்டார், "நோட்டு எழுதறீங்களா?" எழுதுகிறேன் என்றேன். "பார்த்ததை மட்டும்?" பெரும்பாலும் என்றேன்.

நவம்பர் 20

தெக்லா அந்தக் கட்டையைச் சமையலறைத் தரையில் வைத்து விளையாடினாள். எடுத்தாள், கலைத்தாள், வைத்தாள். ஒருதரம். இரண்டாம் தரம் பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, இதுல தப்பே வரமாட்டேங்குது."

"நல்லதுதானே?"

"இல்ல. இது கெட்டுப்போச்சு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எட்டாம் வகுப்புவரை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. என்னை அங்கே ஓயாமல் பேசுகிறான் என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இவளை என்ன செய்திருப்பார்களோ.

டிசம்பர் 3

முழுக் கை. ஐந்து விரலும். டீச்சர் குலுக்கவே இல்லை, சும்மா பிடித்திருந்தார், ஒரு பறவையைப் பிடிக்கிற மாதிரி. வணக்கம் மட்டும் வரவில்லை. வரும். நான் சொல்கிறேன், வரும்.

டிசம்பர் 19, வியாழன்

மாப்பிள்ளை எங்களைக் கன்னியர் பள்ளியின் கிறிஸ்துமஸ் விழாவுக்குக் கூட்டிப்போனார். "சும்மா பாருங்க" என்றார். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நட்சத்திரம் கட்டிய பிள்ளைகள் வரிசையாக வந்து நாலு வரி சொல்லிக் குனிந்து வணங்கினார்கள். மாப்பிள்ளை முகத்தில் ஒரு ஆசை. தன் மகளை அந்த வரிசையில் நிறுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியுமா? ரொட்டிக்கடைக்காரர் "ஊமையா?" என்று கேட்டால் அவர்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னப் பையனுக்கு மூன்றாம் வரி மறந்துவிட்டது. அரங்கம் முழுக்கச் சிரித்தது, அன்பாகத்தான் சிரித்தது. தெக்லா என் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள். அந்தச் சிரிப்பு வந்தபோது அவள் பிடித்த பிடியில் என் விரல் வெளுத்துவிட்டது.

லொரெதானா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம். அப்போது லொரெதானாவுக்கு ஐந்து வயது, தேவதை வேஷம், மேடை. பேச வரவில்லை. பின்னாலிருந்து ஒரு கை தள்ளியது. மேடையிலேயே பாவாடை நனைந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் பள்ளியில் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அவள் சொன்னதில்லை, என்னையும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஓயாமல் பேசுகிறவன் நான். நாற்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரே விஷயம் இதுதான்.

டிசம்பர் 25

ஆலிவ் பொரித்ததில் நான் நூறு தின்றேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எண்பதுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

மனு வந்துவிட்டது. இரண்டு மனு. ஒன்று இந்தப் பள்ளிக்கு, ஒன்று கன்னியர் பள்ளிக்கு. மாப்பிள்ளை இரண்டையும் பூர்த்திசெய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, குளிர்பெட்டி மேல் காந்தத்தில் மாட்டியிருக்கிறார்.

அடுத்த புதன் எங்கள் வீட்டுக்குக் கவனிப்பு முறை. வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வகுப்பறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். லொரெதானா போனால் தெக்லா மடியில் ஏறி இறங்கமாட்டாள். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை.

"மச்சான், நீங்களே போங்க. பார்த்ததை இந்த நோட்டுல எழுதுங்க. நான் படிச்சுட்டு முடிவு பண்றேன். எழுத்துல இருக்கணும், வாயால சொல்லாதீங்க. பிடிச்ச மீன் உங்க வாய்ல வளந்துக்கிட்டே போகும்."

"எழுத்துல வளராதா?"

"பேனா பிடிக்கிறவன் கொஞ்சம் பயப்படுவான்" என்றார்.

ஜனவரி 22, புதன்

கவனிப்பு. ஒன்பது ஐம்பத்தைந்திலிருந்து பத்து இருபத்தைந்து வரை.

எனக்குக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, பிள்ளை வந்து கேட்டால் "நான் வேலை பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு பெண்குழந்தை வந்து நின்றாள்.

"நீங்க யாரு?"

"வேலை பார்க்கிறேன்."

"என்ன வேலை?"

"உட்கார்ற வேலை."

"கஷ்டமா?"

"ரொம்ப."

அவள் தலையாட்டிவிட்டு ஒரு மேசையைத் துடைக்கப் போனாள். ஒரு அறையில் இருபத்துநான்கு பிள்ளைகள், ஒருவன் வாழைப்பழம் வெட்டுகிறான், ஒருத்தி செருப்புக்குப் பாலிஷ் போடுகிறாள், சத்தம் ஒரு அடகுக்கடையில் இருப்பதைவிடக் குறைவு. என் வாழ்நாளில் இப்படி ஒரு அரை மணி நேரம் பார்த்ததில்லை.

தெக்லா புதுக் கட்டையை எடுத்தாள், நான் வாங்கிக் கொடுத்தது. பாயை விரித்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ப்ரீமோவும் இன்னொரு கட்டையோடு உட்கார்ந்தான். பத்து இருபதுக்கு ப்ரீமோ கையில் ஒரு உருளை மிஞ்சியது. அவன் அழுத்தினான். திருகினான். கட்டை சறுக்கியது. அப்போது தெக்லா தன் வேலையை நிறுத்தி, அவன் கைமேல் கையை வைத்து, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பொறு. அவசரப்பட்டா மாட்டிக்கும்."

இருபத்துநான்கு பிள்ளைகளும் ஒரு நிமிஷம் திரும்பினார்கள். வாழைப்பழம் வெட்டியவன் கத்தியைக் கீழே வைத்தான். ப்ரீமோ பொறுத்தான். எல்லாவற்றையும் எடுத்து முதலிலிருந்து வைத்தான். எனக்குக் கண் கலங்கியது, ஆனால் கவனிப்பாளன் கண்ணைத் துடைக்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 23

டிசம்பர் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடித்தான் நோட்டைக் கொடுத்தேன்; மாப்பிள்ளை சமையலறை மேசையில் அதைப் பிரித்து இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்து இருபதா?"

"பத்து இருபது."

"சாட்சி?"

"இருபத்துநாலு பேரு."

"பெரியவங்க?"

"டீச்சர் அப்போ அடுத்த அறையில ஒரு பிள்ளையோட மூக்கைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. நான் இருந்தேன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "அவ பேசினது உங்க பேச்சு மாதிரியே இருக்கு மச்சான். ஷட்டர் இழுக்கறப்ப நீங்க சொல்றது."

"யார்கூட வளர்றா மாப்பிள்ளை?"

லொரெதானா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. இரண்டும் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 29, புதன்

கையெழுத்து போட்டுவிட்டார். இந்தப் பள்ளி மனுவில். மற்றதை நாலாக மடித்து, குப்பையில் போடாமல் கோப்பில் வைத்தார். பழக்கம். நான் வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகம் வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். காரணத்தைச் சொன்னேன். அவரும் ஒருதரம் அடித்தார். சரி, அவர் அடிக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டார்.

மார்ச் 12, புதன்

இன்று மதியம் லொரெதானாவும் என்னோடு வந்திருந்தாள். ஃபியோரென்சா டீச்சர் கதவிலேயே நிறுத்தினார். பாராட்டாத பெண்மணி, ஆனால் முகம் சிவந்திருந்தது.

"இன்னைக்குத் தண்ணி சிந்திடுச்சு. என்கிட்ட வந்து நின்னா. நான் காத்திருந்தேன். 'ஸ்பாஞ்ச்' அப்படின்னா. காத்துமாதிரி, ஆனா சொன்னா. முதல் தடவையா."

லொரெதானா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், "முதல் தடவை இல்ல டீச்சர். ஜனவரியில ப்ரீமோகிட்டப் பேசினாளே. அண்ணன் இருந்தப்ப."

"ஜனவரி இருபத்திரண்டா? ப்ரீமோகிட்டயா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஷட்டரைப் பார்த்தேன். நல்ல ஷட்டர், நான் கிரீஸ் போட்டது.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண்மணிக்குக் காத்திருக்கத் தெரியும்.

ஏப்ரல் 9

"காலை வணக்கம்." வாசலில். கை கொடுத்துக்கொண்டே. முழுசாக. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அப்பா "சீக்கிரம் ஆகட்டும்" என்றார், அவரை நான் பார்த்த பார்வையில் அவர் செருப்பு வாரைக் கட்டக் குனிந்தார்.

மே 20

ரொட்டிக்கடையில் மாப்பிள்ளை ரொட்டி கேட்டார், தெக்லா திருத்தினாளாம்: "எள்ளு போட்டது." ரொட்டிக்கடைக்காரர் ஒரு பிஸ்கெட் இலவசமாகக் கொடுத்தாராம். மாப்பிள்ளை இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை பிஸ்கெட் இரண்டாகியிருந்தது. நான் கணக்கு கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இந்த வாரத்தோடு பள்ளி முடிகிறது. எழுதக் கை பரபரக்கிறது, எங்கிருந்து தொடங்குவது? பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். இந்த ஒருதரம், பார்த்ததை மட்டும்.

மதியம் பன்னிரண்டு ஐம்பது. வாசலில் நானும் ஃபியோரென்சா டீச்சரும். செப்டம்பரில் சேரப்போகிற ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்திருந்தாள். மூன்று வயது இருக்கும். அம்மாவின் பாவாடைக்குள் முகம். டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு வெட்கம். "வணக்கம் சொல்லு கண்ணு, டீச்சர் காத்திருக்காங்க பாரு, சொல்லு" என்று முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினாள். பையன் கால் தரையில் தேய்ந்தது.

தெக்லா உள்ளேயிருந்து பையோடு வந்தாள். நின்றாள். அந்தப் பையனைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், முதுகில் இருந்த கையை. அப்புறம் அந்த அம்மாவை, முன்பின் தெரியாத பெரிய மனுஷியை, அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"பொறுங்க. அவசரப்பட்டா மாட்டிக்கும்."

அந்த அம்மா கையை எடுத்துவிட்டாள். பையன் ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டினான். யாரும் ஒன்றும் செய்யவில்லை. வாழைப்பழம் இல்லை, கத்தி இல்லை, இருபத்துநான்கு பேர் திரும்பவில்லை. நாங்கள் ஐந்து பேர்தான். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார், இந்தத் தடவை நான் ஷட்டரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பறந்து வந்தேன். இரண்டு சிவப்பு விளக்கு — இல்லை, ஒன்றுதான், அதிலும் நின்றுதான் வந்தேன். லொரெதானாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

"தெரியுமே அண்ணா" என்றாள். "ஜனவரியிலேயே சொன்னாளே, அதே வார்த்தை."

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் தக்காளி நறுக்கிக்கொண்டே சிரித்தார். "இது பழைய மீன் மச்சான். ஏற்கெனவே பதிவாயிருக்கு. தேதி, நேரம், எல்லாம்."

"இல்ல மாப்பிள்ளை, இது இன்னைக்கு. ஒரு பெரிய அம்மாகிட்ட. டீச்சரே சாட்சி."

"சரி சரி. நம்பறேன்" என்றார். நம்பாதவர்கள் நம்பறேன் என்று எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயத்தை நான் பார்த்ததில்லை, இனி பார்க்கப்போவதும் இல்லை. அதை நானே ஐந்து மாசம் முன்னால் செலவழித்துவிட்டேன். எல்லாக் குழியும் நிரம்பியிருக்கிறது, கையில் ஒன்று மிஞ்சி நிற்கிறது. எங்கே தப்பாக வைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் பதிவேட்டில் ஒன்று தப்பாக ஏறிவிட்டால் அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஓரத்தில் தேதி போட்டுத் திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், ஒரு எழுத்துத் தப்பினால் ஒரு ஆள் ஆயுசு முழுக்க வேறு ஆளாகிவிடுவானாம். ஜனவரிப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். தெக்லா இன்று சொன்னது இன்றைய தேதியில் ஏறட்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், கோப்பில் இன்னொரு மனு இருக்கிறது, எடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நினைத்ததை எழுதக் கூடாது. சரி.

*ஜனவரி 22 பதிவுக்கு ஓரத் திருத்தம், ஜூன் 24:*

*அன்று தெக்லா யாரிடமும் எதுவும் பேசவில்லை. ப்ரீமோ அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் வீட்டில் இருந்தான். தெக்லா தனியாகப் பாயில் உட்கார்ந்து பத்து உருளைகளையும் எடுத்துக் கலைத்துத் திரும்ப வைத்தாள். பதினொரு தடவை. நாலாம் தடவை ஒன்று மிஞ்சியது. அழவில்லை. எல்லாவற்றையும் எடுத்து முதலிலிருந்து வைத்தாள். பார்த்தேன்.*

*— ஒத்தாவியோ*